"அதுவும் ஒரு தொழிலோ, தம்பி?"

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



போன மாதம் ஒரு ஐயா என்னைக் கடையில் மறித்து, "மகன் கைத்தொலைபேசி விளையாட்டுச் செய்யப் படிக்கப்போறன் எண்டு நிக்கிறான். அதுவும் ஒரு தொழிலோ, தம்பி?" எண்டு கேட்டார். அவர் இந்த மண்டபத்திலைதான் இருக்கிறார். பத்து வருசமாக அந்தத் தொழிலில் சீவிக்கிறவன் நான். கையிலை மரக்கறிப் பையோடு நிண்டு சொல்ல ஏலாமல் போனதை இங்கே சொல்லுகிறேன்.

1997இல் நொக்கியா 6110 உடன் வந்த பாம்பு விளையாட்டை உங்களில் பலர் விளையாடியிருப்பீர்கள். அது தொலைபேசிக்குள்ளேயே இருந்தது, தனியே காசில்லை. பிறகு விளையாட்டுகளை விற்கத் தொடங்கியபோது, செய்தவர்கள் தொலைபேசிக் கம்பனிகளின் வாசலில் காத்து நின்றார்கள். 2008 யூலையில் அப்பிள் தன் கடையைத் திறந்த பிறகு ஒரு தனி ஆளும் உலகம் முழுக்க விற்கலாம் எண்டு வந்தது. விற்ற காசில் நூற்றுக்கு 30 அப்பிளுக்கு. ஊர்ச் சந்தைத் தரகர்கூட அவ்வளவு கேட்கமாட்டார்! 2021 முதல் சிறிய ஆட்களுக்கு அதை 15 ஆகக் குறைத்திருக்கிறார்கள்.

பின்லாந்தில் ரோவியோ எண்டொரு கம்பனி. 2003இல் தொடங்கி 51 விளையாட்டுகள் செய்து, இழுத்து மூடுகிற நிலைக்கு வந்தார்கள். 2009 டிசம்பரில் வந்த 52ஆவதுதான் 'அங்கிரி பேர்ட்ஸ்'. 2023இல் யப்பானின் சேகா கம்பனி 70 கோடி யூரோவுக்கு மேல் கொடுத்து அவர்களை வாங்கியது. பிள்ளைகள் அந்த 52ஆவதைப் பற்றித்தான் கதைப்பார்கள். தகப்பன்மார் மற்ற 51ஐயும் கேட்க வேண்டும்.

இப்போது பெரும்பாலும் விளையாட்டு இலவசம். 2012இல் வந்த 'கிளாஷ் ஒவ் கிளான்ஸ்' போன்றவற்றில் கட்டடம் எழும்ப மணித்தியாலக் கணக்கில், நாள் கணக்கில் பொறுக்க வேண்டும். பொறுக்க ஏலாதவர் காசு கட்டலாம். மிகப் பெரும்பாலானோர் ஒரு சதமும் கட்டுவதில்லை. கட்டுகிற சிலரில்தான் கம்பனி ஓடுகிறது. அந்தச் சிலருக்குள் பிள்ளைகளும் அகப்பட்டார்கள். பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகள் வாங்கியவற்றுக்காக, 2014இல் குறைந்தது 3 கோடி 25 இலட்சம் டொலரைத் திருப்பிக் கொடுக்க அப்பிள் அமெரிக்க அரசுடன் உடன்பட்டது. உள்ளே என்ன இருக்கெண்டு தெரியாமல் காசுக்கு வாங்குகிற பெட்டிகளைச் சூதாட்டம் எண்டு பெல்ஜியம் 2018இல் சொன்னது.

இனி என் கதை. முதல் வேலையில் எனக்குத் தந்தது ஒரு நாய்க்குட்டி. விளையாடுகிற பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் அது அழ வேண்டும்; மருந்து வாங்கக் காசு. நான் நல்லாத்தான் செய்தேன், பாராட்டும் கிடைத்தது. ஒரு இரவு என்ர மகள் படுக்கையில் இருந்து, "அப்பா, நாய்க்குட்டி செத்துப்போகுமோ?" எண்டு கேட்டாள். இரண்டு கிழமையில் வேலையை விட்டேன். மனுசி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஏழு மாதம் அவளின் சம்பளத்தில்தான் வீட்டு வாடகை போனது. அந்த நேரம் நானும் நண்பரும் சொந்தமாக ஒரு தாய விளையாட்டுச் செய்தோம். முதல் வருசம் 340 பேர் வாங்கினார்கள். பாதிப்பேர் எங்கட சொந்தக்காரர்! செய்வது அரைவாசி வேலைதான். இலட்சக்கணக்கானவற்றுக்குள் எங்களுடையதை ஆரும் காணச் செய்வதுதான் மிச்சம். விளம்பரத்துக்கு எங்களிடம் காசு இருக்கவில்லை.

இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பழக்குகிற விளையாட்டுச் செய்கிறேன். சம்பளம் குறைவு.

ஐயா, மகனை மறியாதேங்கோ. ஆனால் விளையாட்டை மட்டும் படிக்காமல் கணினியியலை முழுதாகப் படிக்கட்டும்; இந்தத் தொழில் கைவிட்டால் வேறு வேலைக்குப் போகலாம். வேலைக்குப் போகிற இடத்தில், "இதில் காசு யாரிடமிருந்து வருகுது?" எண்டு முதலில் கேட்கப் பழக்குங்கோ. நான் கேட்கவில்லை. வாற ஞாயிறு அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. செய்து வைச்சிருக்கிறதைக் கொண்டுவரட்டும், மகளும் நானும் விளையாடிப் பார்க்கிறம்.