நம் சங்க வண்டியும் ஓர் எர்த் ஒயரும்

(காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் படிக்க வேண்டும் என்று செயலாளர் கேட்டதால், அன்று பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தித் தருகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் 34 வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது நம் சங்கத்துக்குப் பொருளாளர். பில்லுக்குப் பணம் கொடுப்பவன் என்ற முறையில்தான் இந்த விஷயம் என் தலையில் வந்து விழுந்தது.

நம் பழைய டீசல் பிக்கப்பை உங்களுக்குத் தெரியும். தோட்டக் கழிவை உரக்குழிக்குக் கொண்டுபோவதும், மழைக்காலத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைத் தெருத்தெருவாக ஏற்றிப்போவதும் அதுதான். வயது 16. கடந்த ஒரு வருடமாக அதற்கு மனசு இருந்தால் ஸ்டார்ட் ஆகும், இல்லாவிட்டால் ஆகாது. மெக்கானிக் வந்து சாவியைத் திருப்பினால் மட்டும் நல்ல பிள்ளையாக உடனே எடுத்துவிடும்.

நவம்பர் மழையில் மூன்றாவது தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதே, அன்று இரவு மோட்டாரை ஏற்றிய வண்டி பம்பு அறை வாசலை விட்டு நகரவில்லை. மறுநாள் காலையில் ஒரே செல்ஃபில் எடுத்தது. ஓட்டுநர் மழையில் வரச் சோம்பல்பட்டுப் பொய் சொல்கிறார் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. நானும் தலையாட்டினேன். அவருக்கு இரண்டு நாள் சம்பளம் 1,200 ரூபாய் பிடித்ததும் என் கையெழுத்தில்தான். வேறு ஆள் பார்ப்பது என்றுகூடப் பேசி வைத்திருந்தோம்.

மார்ச் மாதம் கணக்கு முடிக்க வவுச்சர்களை அடுக்கினேன். வண்டிக்கு மட்டும் புது பேட்டரி 7,200, எட்டு மாதத்தில் இன்னொரு பேட்டரி 7,400, செல்ஃப் மோட்டார் பிரித்து வேலை பார்த்தது 4,200. இவை எனக்கு நினைவிருந்தன. நினைவில்லாதது, ஆக்சிலேட்டர் கேபிள் 650 ரூபாய் வீதம் இரண்டு தடவை. ஒரே வருடத்தில் ஒரு கேபிள் ஏன் இரண்டு முறை போக வேண்டும்? ஒரே தொகை இரண்டு முறை வந்தால் நின்று பார்ப்பது எங்கள் தொழிலில் ஊறிய பழக்கம். ஓட்டுநரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"சார், ஸ்டார்ட் ஆகாத அன்னைக்கெல்லாம் அந்தக் கேபிளைத் தொட்டா சுடும் சார். சுட்டுச் சுட்டு இறுகிப் போயிடுது. அப்பவே சொன்னேன், யாரும் காதுல வாங்கல."

உண்மைதான். நானும் வாங்கவில்லை.

அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, வண்டி எடுக்காத ஒவ்வொரு முறையும் மூன்று விஷயம் குறிக்கச் சொன்னேன். நேரம், இன்ஜின் சூடா குளிர்ச்சியா, சாவியைத் திருப்பும்போது என்ன சத்தம், ஹெட்லைட் எப்படி எரிகிறது. நாலாகிவிட்டது, பரவாயில்லை. உங்கள் வண்டிக்கும் இதையே செய்யலாம். இங்கே 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்ற ஒரே வார்த்தைக்குள் வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். பழைய டீசல் வண்டியில் டீசல் லைனில் காற்று ஏறியிருக்கலாம், ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம். கடகடவென்று வேகமாகத் தட்டும் சத்தம் வந்து ஹெட்லைட்டும் மங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் பிடிப்பு சரியில்லை. சத்தமே இல்லையென்றால் சாவி சுவிட்ச், ரிலே, செல்ஃபுக்குப் போகும் சின்ன ஒயர் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரே ஒரு 'டக்', அத்தோடு அமைதி, ஹெட்லைட் மட்டும் பளிச்சென்று எரிகிறது என்றால், பேட்டரியில் கரண்ட் இருக்கிறது, செல்ஃபுக்குப் போய்த் திரும்பும் வழியில் எங்கோ அடைப்பு, அல்லது செல்ஃபிலேயே கோளாறு.

ஒரு மாதத்தில் நோட்டில் ஒன்பது பதிவுகள். ஒன்பதிலும் ஒரே 'டக்', ஹெட்லைட் பளிச். ஏழு முறை இன்ஜின் சூடாக இருந்தது. பத்து நிமிடம் விட்டால் தானாகச் சரியாகிவிடும்.

செல்ஃப் வேலை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. மெயின் ரோட்டில் கடை வைத்திருக்கும் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் நோட்டைக் காட்டினேன். ஒன்பது பதிவுகளையும் அவர் படிக்கவில்லை. கேபிள் சுடுகிறது என்றதும், "எர்த் பாருங்க" என்றார். வண்டி நிற்கும்போதே பார்க்க வேண்டும், ஓடும்போது பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும் என்றும் சொன்னார். 600 ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கினேன்.

பத்தாவது முறை உரக்குழி அருகே நின்றது. போன் வந்ததும் ஸ்கூட்டரில் போனேன். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு ஆரம்பித்தோம். பேட்டரியில் 12.5 வோல்ட். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 காட்டும், 12-க்கு வந்துவிட்டால் அநேகமாகக் காலி. அவர் சாவியைத் திருப்பினார், 'டக்', மீட்டர் 12.3-இல் நின்றது. செல்ஃப் உண்மையில் சுற்றியிருந்தால் சில நூறு ஆம்பியர் இழுத்து இதைப் பத்து, பதினொன்றுக்கு இறக்கியிருக்கும். ஆக, கரண்ட் போகவே இல்லை.

அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறு முனையை இன்ஜினின் சுத்தமான இரும்பிலும் வைத்தேன். சாவி திருப்பும்போது இங்கே 0.2, 0.3 வோல்டுக்கு மேல் காட்டக் கூடாது. 9 காட்டியது. ஜம்பர் கேபிளில் ஒன்றை எடுத்து நெகட்டிவ் முனையையும் இன்ஜின் இரும்பையும் நேராக இணைத்தோம். மறுபடி சாவி. ஒரே சுற்றில் எடுத்தது.

காரணம் எளிது. இன்ஜின் ரப்பர் தாங்கிகள் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் வழியாகக் கரண்ட் திரும்பாது. அதற்காகவே கியர்பாக்ஸிலிருந்து சேசிஸுக்குப் பின்னல் கம்பியில் ஒரு பட்டை போட்டிருப்பார்கள். நம் வண்டியில் அதன் இழைகளில் பாதி அறுந்து, போல்ட்டுக்கு அடியில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. சூட்டிலும் அதிர்விலும் தொடுப்பு கொஞ்சம் விலகினால் போச்சு. திரும்ப வழியில்லாத கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகப் போகப் பார்த்திருக்கிறது. அதுதான் சூடு. ஆல்டர்னேட்டரும் இன்ஜினோடுதான் இருக்கிறது. அதன் சார்ஜும் இதே பட்டை வழியாகத்தான் முழுமையாகச் சேர வேண்டும். சேராமல் அரைப்பட்டினி கிடந்துதான் முதல் பேட்டரி செத்திருக்க வேண்டும் என்கிறார் எலக்ட்ரீஷியன்.

வங்கியில் கணக்கு டேலி ஆகாவிட்டால், வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவது உண்டு. நாம் ஒரு வருடம் அதைத்தான் செய்திருக்கிறோம். மொத்தம் 20,100 ரூபாய். புதுப் பட்டை, கூலி எல்லாம் சேர்த்து 480.

பிடித்த 1,200 ரூபாயை ஓட்டுநருக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அவர் வேலையில் தொடர்கிறார். கூட்டத்தில் எல்லார் முன்பும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், இங்கேயும் கேட்கிறேன். வவுச்சரில் கையெழுத்துப் போடும்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நோட்டில் மட்டும் இன்னும் தேதி போட்டு எழுதிவருகிறார். மூன்று மாதமாக "எடுத்தது" என்றே இருக்கிறது.

மல்டிமீட்டர் சங்க அலுவலக மேசை இழுப்பறையில் இருக்கிறது. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் எடுத்துப்போகலாம். பேட்டரி ஒயரைக் கழற்றுவதாக இருந்தால் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். மோதிரம், இரும்புப் பட்டை வைத்த வாட்ச் எல்லாம் கழற்றிவிட்டுக் கை வையுங்கள்.