பூட்டன் பிறந்த ஊர் எது?

(பொல்பிட்டியவில் நிகழ்த்திய உரை)



உங்கள் பூட்டனார் பிறந்த ஊர் எது? இங்கு அமர்ந்திருப்போரில் எத்தனை பேர் தடங்கலின்றி விடை கூறுவீர்கள்?

இதே வினாவை நம் முன்னோரிடம் ஒரு சட்டம் தொடுத்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தையே குறிப்பிடுகிறேன். இம்மண்ணில் பிறந்தவனாயினும், அவன் தந்தை இங்கே பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும் என்றது அது. லயத்தறையில் பிறந்த பாட்டனுக்குப் பத்திரம் ஏது? பிரிவி கவுன்சில் வரை சென்ற கோடாக்கன் பிள்ளை வழக்கும் 1953இல் தோற்றது. இவ்வூர் மின்நிலையம் 1969இல் இயங்கத் தொடங்கியதென்பதற்கு ஏடு உண்டு. நம் பாட்டன் பிறந்தமைக்கு இல்லை!

சட்டம் தந்தை வழியை மட்டுமே கேட்டது. கதைகளோ பெரும்பாலும் தாய்மாரிடம் இருந்தன. என் அம்மாயி, தம் தாயார் மண்டபம் முகாமில் காத்திருந்து, தனுஷ்கோடியில் கப்பலேறி வந்த கதையை அடுப்படியில் இருந்தபடி பலமுறை சொன்னார். வழிச்செலவுக்கு விற்ற பித்தளைச் செம்பின் விலைகூட எனக்கு நினைவிருக்கிறது. புறப்பட்ட கிராமத்தின் பெயரை நான் கேட்கவேயில்லை. இன்று கேட்க அவர் இல்லை. சட்டம் பயின்றவன், கண்ணெதிரே இருந்த சாட்சியை விசாரியாது விட்டேன்!

30.10.1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாக்கினர். தமையன் கூடலூரிலும் தங்கை நோர்வூட்டிலுமாய்ச் சிதறிய குடும்பங்கள் எத்தனை! பின்னர் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், அந்த ஒப்பந்த நாள் முதல் இங்கே நிரந்தரமாய் வாழ்வோருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் உரிமை வழங்கியது. அந்நாளில் அப்பா எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்திருந்தார் என்னும் வீட்டுக் கதைக்கு அன்றுதான் மதிப்பு வந்தது.

லயத்தில் பிறந்ததை மறைக்கும் ஆசிரியரையும் டாக்டரையும் நான் அறிவேன். அவர்கள் பிள்ளைகள் எதைக் கேட்பார்கள்? வேறு சிலரோ அரச பரம்பரை ஒன்றைப் புனைந்துகொள்கின்றனர். அதுவும் வேண்டாம். கடனும் கண்ணீரும் கங்காணியின் பிரம்பும் உள்ளபடியே வரட்டும்.

இன்றிரவு ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு பெற்றோர் அருகில் அமருங்கள். பொலிஸ்காரர் போல் குடையாதீர்கள். அவர்கள் போக்கிலே பேசவிடுங்கள். ஊர், தோட்டம், டிவிசன், கங்காணியின் பெயர், இந்தியா சென்ற உறவினர் இருக்குமிடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் முதலில் கேளுங்கள்.