குடல் அழற்சி நோயுள்ள பிள்ளைகளின் போசாக்கு: தாய்மார் கேட்கும் ஒரு கேள்வி

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பாடசாலை மண்டபத்தில் நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் ஏறினால் இன்றைக்கும் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளத்தான் தோன்றுகிறது. இங்கே படித்து வைத்தியர்களான எங்களுக்குக் கொழும்பிலிருந்தும் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பழைய மாணவிகள் தொலைபேசி எடுப்பதுண்டு. சுகம் விசாரித்து, ரீச்சர்மாரின் கதையெல்லாம் பேசி முடித்து, வைக்கப்போகும் நேரத்தில்தான் விஷயம் வரும். "மகனுக்குக் குரோன்ஸ் எண்டு சொல்லிப்போட்டினம். என்ன விற்றமின் குடுக்கலாம்?" இதற்குத் தொலைபேசியில் ஒழுங்காகப் பதில் சொல்ல எங்களால் ஒருநாளும் முடிந்ததில்லை. அதனால்தான் இன்று இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டோம்.

அதற்கு முன் ஒரு பழைய கடன். 1990களின் முற்பகுதி. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பால்மாவுக்கும் சவர்க்காரத்துக்கும் தட்டுப்பாடு. எங்கள் வகுப்பு முழுவதுமே மெலிவு. அதற்குள் ஒருத்தி இன்னும் சிறியவள். ஒன்பதாம் வகுப்பில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் உயரம். வயிற்றுக்குத்து என்று அடிக்கடி மேசையில் தலைவைத்துப் படுப்பாள். கணிதப் பரீட்சைக்கு வரும் வயிற்றுக்குத்து என்று நாங்கள் சிரித்தோம். பட்டப்பெயரும் வைத்தோம். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு அவளை நாங்கள் காணவில்லை. மருத்துவபீடத்தில் குரோன்ஸ் நோய் பற்றிய விரிவுரை நடந்த அன்று, அதே வகுப்பிலிருந்து போன நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவளுக்கு இருந்தது அதுவாகவும் இருக்கலாம், குடற் காசநோயாகவும் இருக்கலாம். எங்கள் நாடுகளில் இவை இரண்டையும் பிரித்தறிவது அனுபவமுள்ள வைத்தியர்களுக்கே கடினம்.

குடல் அழற்சி நோய் என்பதில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று குரோன்ஸ். 1932 இல் நியூயோர்க்கில் குரோன் என்பவரும் அவருடைய இரு சகாக்களும் விவரித்தது. வாயிலிருந்து மலவாசல் வரை எங்கும் வரலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதியைக் கூடுதலாகப் பிடிக்கும். மற்றது பெருங்குடலை மட்டும் புண்ணாக்குவது. அதில் மலத்தோடு இரத்தம் போகும் என்பதால் பெற்றோர் பயந்து விரைவாக வந்துவிடுவார்கள். குரோன்ஸ் அப்படியல்ல. சில பிள்ளைகளில் வயிற்றோட்டம்கூட இராது, உயரம் நின்றுவிடுவதுதான் முதல் அடையாளம். மேற்கு நாடுகளில் பிறந்து வளரும் தென்னாசியப் பிள்ளைகளுக்கு இந்நோய் அங்குள்ள ஏனைய பிள்ளைகளுக்கு நிகராகவே வருகிறது. "எங்கட சனத்துக்கு இது வராது" என்று இனிச் சொல்ல முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் 13 வயதுப் பிள்ளை ஒருத்தியைத் தாய் எங்கள் கிளினிக்குக்குக் கூட்டிவந்தார். பையிலிருந்து ஆறு போத்தல்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். மீனெண்ணெய், மஞ்சள் குளிசை, நல்ல பக்ரீரியா என்று ஒன்று, இரும்புச் சிரப், பசி கூட்டும் சிரப், எதிர்ப்புச் சக்திக்கு ஒரு மா. பாதி வெளிநாட்டுப் பார்சலில் வந்தவை, மீதி சங்கிலியை அடைவு வைத்து வாங்கியவை. பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டையும் கவனமாகக் கொண்டுவந்திருந்தார். அதில் உயரம் கடைசியாகக் குறிக்கப்பட்டது ஐந்து வயதில். சட்டையின் மடிப்பை ஒன்றரை வருடமாக அவிழ்த்துவிட வேண்டியிருக்கவில்லை என்று தாய் சொன்னதுதான் எங்களுக்குக் கிடைத்த வளர்ச்சி வரைபு.

பரிசோதனைகளின் முடிவில் அது குரோன்ஸ். நாங்கள் கொடுத்த முதல் மருந்து ஒரு ரின் மா.

இதைக் கேட்டுத்தான் எல்லோரும் திகைக்கிறார்கள். குரோன்ஸ் உள்ள பிள்ளைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வரை வேறு எந்த உணவும் இல்லாமல், முழுமையான போசாக்குள்ள திரவ உணவை மட்டும் கொடுப்பது ஐரோப்பிய வழிகாட்டல்களில் முதல்நிலைச் சிகிச்சை. இது சத்து ஏற்றுவதற்கான மேலதிக உணவு அல்ல, இதுவே மருந்து. முறையாகக் குடித்த பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேரளவில் நோய் தணிகிறது. ஸ்ரெரொயிட்டுக்குக் குறையாத பலன். குடற்சுவர் அதைவிட நன்றாக ஆறுகிறது. ஸ்ரெரொயிட் போல் வளர்ச்சியை மறிப்பதும் இல்லை. ஆனால் பெருங்குடலை மட்டும் புண்ணாக்கும் மற்ற வகைக்கு இது வேலை செய்யாது. ஆகவே ஒரு பிள்ளைக்குச் சுகம் வந்ததென்று மற்றப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்க வேண்டாம். திரிபோஷவோ சத்துமாவோ கடையில் விற்கும் மோல்ற் பானமோ இதற்கு ஈடாகாது.

எட்டு வாரம் சோறு, புட்டு, இடியப்பம் ஒன்றும் இல்லை. எங்கள் வீடுகளில் இதைப் 'பத்தியம்' என்று சொன்னால் உடனே விளங்குகிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் காக்கத் தெரிந்த அம்மம்மாமாருக்கு இதுவும் விளங்கும் என்று நினைத்தோம். நான்காம் நாளே அம்மம்மா ஒரு பிடி சோறு குழைத்து ஊட்டிவிட்டார். "ஒரு பிடி சோத்தில என்ன வந்திடப்போகுது?" என்றும் கேட்டார். அவருடைய அன்பைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஆனால் வேறு உணவு சேரச்சேர இந்தச் சிகிச்சையின் பலன் குறைகிறது என்பதை அவரை இருத்திவைத்து விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. அதன்பிறகு பிள்ளை ரியூஷனுக்குப் போன நேரத்தில்தான் அந்த வீட்டில் மீன் பொரித்தார்கள். குளிரவைத்து, மூடிய கோப்பையில் ஸ்ரோவால் உறிஞ்சினால் மணம் தெரியாது என்று கண்டுபிடித்தது பிள்ளையேதான். முதல் பத்து நாள்தான் கடினம். குடிக்கவே முடியாத பிள்ளைகளுக்கு மூக்கினூடாக மெல்லிய குழாய் வைக்கலாம்.

செலவைச் சொல்லாமல் விடக்கூடாது. 400 கிராம் ரின் ஒன்று ஏறக்குறைய 2000 கிலோகலோரி. வளரும் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு ரின், எட்டு வாரத்துக்கு 56 ரின். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்றாலும், எங்கள் அனுபவத்தில் இந்த ரின்னைப் பெரும்பாலும் குடும்பமே வெளியில் வாங்குகிறது. அடைவில் போன சங்கிலியின் பணம் முதலிலேயே இதற்குப் போயிருந்தால் நன்றாயிருந்திருக்கும். வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளே, பார்சல் அனுப்ப விரும்பினால், பிள்ளையைப் பார்க்கும் வைத்தியர் எழுதிய பெயரை முதலில் கேளுங்கள்.

இனி, அந்தத் தொலைபேசிக் கேள்வி. தேவையான மேலதிகச் சத்துகள் சில உண்டு, எதையும் அளந்து பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவு மிகப் பொதுவானது. ஆனால் அழற்சி கடுமையாக இருக்கும்போது ஈரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற பொருள் குடலில் இரும்பு உறிஞ்சப்படுவதை மறித்துவிடும். அப்போது சிரப்பை எவ்வளவு பருக்கினாலும் மலம் கறுக்குமே தவிர இரத்தம் ஏறாது. நாளத்தினூடாகவே ஏற்ற வேண்டிவரும். சிறுகுடலின் கடைசிப் பகுதி பழுதானால் அல்லது வெட்டி எடுக்கப்பட்டால் விற்றமின் பி12 ஊசி தேவைப்படலாம். மெதொற்றெக்சேற் எடுக்கும் பிள்ளைக்கு ஃபோலிக் அமிலம். ஸ்ரெரொயிட் எடுத்தால் எலும்புக்குக் கல்சியமும் விற்றமின் டியும்; முள்ளோடு தின்னும் நெத்தலி கல்சியத்துக்கு நல்லது. நீண்டநாள் வயிற்றோட்டம் இருந்தால் சிங்க் பற்றிக் கேளுங்கள்.

மீனெண்ணெய்க் குளிசை குரோன்ஸ் திரும்ப வராமல் தடுக்கும் என்று நம்பிய காலம் இருந்தது. 2008 இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் அப்படி இல்லை என்று காட்டின. நல்ல பக்ரீரியா குரோன்ஸுக்கு உதவுவதாக நிரூபணம் இல்லை. மஞ்சள் கறியில் இருக்கட்டும். செறிவாக்கிய மஞ்சள் குளிசையால் ஈரல் பழுதானவர்கள் இருக்கிறார்கள். இவற்றையெல்லாம்விட எங்களுக்குப் பயம், இவை இருக்கின்றன என்ற தைரியத்தில் அசதயோபிரின் போன்ற மருந்தை நிறுத்திவிடுவது. குடல் ஒடுங்கிய பிள்ளைக்குப் பனங்கிழங்குத் தும்பும் முருங்கைக்காய்ச் சக்கையும் அடைத்துக்கொள்ளும் என்பதையும் சொல்லிவைக்கிறோம். எங்கள் ஊரில் இதை யாரும் புத்தகத்தில் எழுதி வைக்கவில்லை.

அந்தப் பிள்ளை எட்டு வாரத்தில் நான்கு கிலோ ஏறினாள். உணவைப் படிப்படியாகத் திரும்பத் தொடங்கினோம். முதலில் கேட்டது இடியப்பமும் சொதியும். அடுத்த வருடம் சட்டை மடிப்பை அவிழ்த்துவிட்டார்கள். ஆனாலும் இழந்த ஒன்றரை வருடம் முழுவதும் கிடைக்கவில்லை. பூப்படைந்தபின் எலும்பு வளர மிஞ்சும் காலம் குறுகியது. அவள் எங்களிடம் வந்ததே அதன் வாசலில்தான்.

பாடசாலை வைத்தியப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 இல் நடக்கிறது. இடையில் மூன்று வருடம் நீண்ட காலம். பூப்படைவதற்கு முந்திய வயதில் பிள்ளை வருடத்துக்கு ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் வளர வேண்டும். 4 க்குக் குறைந்தால் காட்டுங்கள். மண்டபத்துக்கு வெளியே, பழைய நூலக வாசலில், உயரம் பார்க்கும் கோல் ஒன்றும் கொப்பி ஒன்றும் வைத்திருக்கிறோம். தேநீர் இடைவேளையில் தரம் 6 பிள்ளைகளை வகுப்பாசிரியைமார் அங்கே அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரட்டும்.