ஏரிக்கரையும் எல்லைக்கோடும்



ஏரி யாருக்கு உரியது? கரையில் நிலம் வாங்கியவருக்கா, நீரை நாடிவரும் யாவருக்குமா? ஐக்கிய அமெரிக்காவில், ஏறத்தாழ 15,000 ஏரிகளையுடைய விஸ்கொன்சின் மாநிலம் இவ்வினாவுக்கு 1848ஆம் ஆண்டிலேயே தன் அரசியலமைப்பில் விடை பகர்ந்தது. கலம் செல்லத்தக்க நீர்நிலைகள் யாவும் மக்களின் பொதுவழிகள் என்பதே அவ்விடை.

ஆயின், நீர் பொதுவாயினும் கரை பெரும்பாலும் தனியார் வசமே இருந்தது. விடுமுறை மனைகள் நீர்விளிம்பை நெருங்கின. மரஞ்செடி நீங்கிய கரையிலிருந்து மழைநீர் மண்ணையும் பொசுபரசையும் வாரிச் சென்றது, பாசி பெருகியது, மீன் முட்டையிடும் இடங்கள் மூடுண்டன.

இதனைத் தடுக்க 1966இல் சட்டம் பிறந்தது. அதன்வழி வந்த விதிகளின்படி, கட்டடங்கள் நீரின் வழக்கமான உயர்மட்டக் கோட்டிலிருந்து பொதுவாக 75 அடி விலகி நிற்றல் வேண்டும். கரையோரம் 35 அடி அகலத்துக்குப் பசுமை பேணப்படல் வேண்டும்.

நிலவுடைமையாளர் வழக்காடவும் செய்தனர். மரினெற் வட்டாரத்தில் ஏரியோரச் சதுப்பை அனுமதியின்றி மண்ணிட்டு நிரப்பியோர் வழக்கில், நிலத்தின் இயல்பையே மாற்றிப் பிறருக்கு ஊறு விளைவிக்கும் வரம்பற்ற உரிமை எவர்க்கும் இல்லையென 1972இல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2015இல் இயற்றப்பட்ட சட்டமோ, வட்டார ஆட்சிகள் மாநில அளவினும் கடுமையான விதிகளை விதிப்பதைத் தடுத்தது. குறைந்த அளவாயிருந்ததே கூடிய அளவுமாயிற்று.

எழுபத்தைந்து அடி மனைக்காரருக்கு இழப்பே. எனினும், நீர் கெட்ட ஏரியின் கரையில் மனை வாங்க எவர் வருவர்? கரையைக் காக்கும் விதி மனையின் மதிப்பையுங் காக்கின்றது.