14 விநாடி



"அமெரிக்காவுல ராக்கெட் விடுறியாமே, அதைப் பத்திப் பேசு" என்று நம் செயலாளர் சொல்லிவிட்டார். பெரிதாக நினைத்துவிடாதீர்கள். என் தோள் உயரத்துக்கு ஓர் அட்டைக் குழாய், அவ்வளவுதான். காளையார்கோவில் திருவிழாவில் வாணம் விடுகிறவர் பின்னாலேயே ஓடிய பையன்தானே நான்!

அங்கே பெரிய மோட்டார் வாங்கச் சான்றிதழ் வேண்டும். மூன்று படிகள். முதல் படிக்கு எச் அல்லது ஐ வகை மோட்டார். 160-க்கு மேல் 640 நியூட்டன்-விநாடி வரை கணத்தாக்கு தருவது. ராக்கெட்டை நாமே கட்ட வேண்டும். மேலே போனது பத்திரமாக இறங்கி, மறுபடி பறக்கும் நிலையில் இருக்க வேண்டும். அதுதான் பரீட்சை.

மருந்தை நாம் கலப்பதில்லை. அம்மோனியம் பெர்குளோரேட்டும் ரப்பரும் சேர்ந்த கட்டி, நடுவில் துளையோடு, கம்பெனியிலிருந்தே வரும். அதை அலுமினியக் குழாய்க்குள் கோத்து, இரு முனையிலும் ஓ-ரிங் போட்டு மூடுவது நம் வேலை. ஒரு கீறல், ஒரு மணல் இல்லாமல் விரலால் தடவிப் பார்த்து, கிரீஸ் பூசிப் பதிக்க வேண்டும். பம்ப்செட் வாசர் கசிந்தால் தண்ணீர் வரும். இங்கே நெருப்பு வரும். 1986 ஜனவரி 28-இல் சாலஞ்சர் விண்கலத்தில் ஏழு பேர் மாண்டது இந்த ரப்பர் வளையத்தால்தான். குளிரில் விறைத்துப்போய் இணைப்பை அடைக்கவில்லை. விஞ்ஞானி ஃபைன்மன் விசாரணையில் அதன் துண்டை ஐஸ் தண்ணீரில் முக்கியே காட்டினார்.

ஓ-ரிங்கில் நான் தவறவில்லை. தவறியது தாமதக் கட்டியில். மருந்து தீர்ந்த பிறகும் ராக்கெட் வந்த வேகத்தில் ஏறும். அது உச்சிக்குப் போகும்வரை இந்தக் கட்டி மெல்ல எரிந்து, பிறகு கருமருந்தைப் பற்றவைத்துப் பாராசூட்டைத் தள்ளும். வந்தது 14 விநாடிக் கட்டி. எனக்கு வேண்டியது 8. துளையிட்டுக் குறைக்க வேண்டும். முதல்நாள் இரவு அந்த வேலையில் இருந்தபோது ஊரிலிருந்து அம்மா போன். "ஏண்டா, கழுதை வயசாச்சு, இன்னும் வாணம் விட்டுக்கிட்டா திரியிறே?" பேசிவிட்டு வந்தவன், துளையிட்டாயிற்று என்று நினைத்து மூடிவிட்டேன்.

மறுநாள் அழகாக ஏறியது. உச்சியில் திரும்பியது. எண்ணுகிறேன், ஒன்பது, பத்து... தலைகீழாக வருகிறது. 14-இல்தான் பாராசூட் விரிந்தது. வந்த வேகத்துக்குக் கயிறு அட்டைக் குழாயை ஒரு முழம் கிழித்துவிட்டது. சோதிக்க வந்த பெரியவர், "இது மறுபடி பறக்குமா?" என்று மட்டும் கேட்டார். பறக்காது என்றேன். கையெழுத்து இல்லை.

ஐந்து மாதம் கழித்து, போனை அணைத்துவிட்டு, தாளில் எழுதி ஒவ்வொன்றாக டிக் அடித்துச் செய்தேன். இறங்கியது. அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். "சரி, சாப்பிட்டியா?" என்றார்.

நேற்று மாலை ஒரு தம்பி, "சர்க்கரையும் வெடியுப்பும் காய்ச்சி நாங்களே மோட்டார் செய்றோம்ணே" என்றார். புறங்கையில் தீப்புண் தழும்பு. விட்டுடுங்க தம்பி. உரிமம் இல்லாமல் செய்வது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். என் தவறுக்கு அட்டைதான் கிழிந்தது. அடுப்பில் கிளறும்போது தவறினால் கண் போகும். 2024 ஆகஸ்ட் 24-இல் சென்னைக்குத் தெற்கே திருவிடந்தையிலிருந்து ரூமி-1 என்ற ஹைப்ரிட் ராக்கெட் ஏறியதே, அப்படி வேலை நடக்கும் இடங்களைத் தேடிப் போங்கள்.

என் பழைய மோட்டார் குழாயையும் ஒரு பை ஓ-ரிங்கையும் இயற்பியல் துறையில் கொடுத்திருக்கிறேன். உள்ளே மருந்து கிடையாது. கழற்றிக் கோத்துப் பாருங்கள். கிரீஸ் மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.