குழல் ஒன்று, தோட்டா வேறு

திம்புள்ளைச் சரிவுகளில் தேயிலைச் செடியே கண்ணிற்படாத காலம் அது. 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பார் செய்தளித்த ஒரு ரைபிளை யானை வேட்டைக்கு வைத்திருந்தார். அதன் எடை 21 இறாத்தல். ஒரு வேட்டுக்கு 16 திராம், அதாவது ஓர் அவுன்சு வெடிமருந்து செல்லும். மருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியே இட்டுக் கெட்டிக்க வேண்டும். எவ்வளவு மருந்து என்பதை ஒவ்வொரு வேட்டுக்கும் வேட்டைக்காரரின் கையே தீர்மானித்தது.

அவ்வுரிமை நெடுநாள் நிலைக்கவில்லை. 1866இல் ஆங்கிலப் படையினர், வாய்வழி மருந்திடும் தங்கள் என்ஃபீல்டு துப்பாக்கிகளின் பின்புறத்தை வெட்டி, ஜேக்கப் ஸ்னைடர் என்ற அமெரிக்கர் வகுத்த திறப்பை அங்கே பொருத்தினர். குழல் பழையதே, அதன் பின்முனையில் தோட்டா அமரும் அறை மட்டும் புதியது. மருந்தும் குண்டும் ஒரே கூட்டில் அடங்கி வந்தமையால், வேட்டின் வலிமையைப் பட்டறையே வரையறுக்கலாயிற்று. துப்பாக்கியின் வாழ்வு அதற்கென அமைந்த தோட்டாவோடு பிணைந்தது அன்றுதான்.

அவ்வாறாயின், ஒரு தோட்டாவுக்கென்று செய்த குழலை வேறொரு தோட்டாவுக்கு மாற்ற இயலுமா? இயலும், ஆனால் ஒரு திசையில் மட்டுமே. அறையைக் குடையும் கருவி இரும்பை எடுக்குமேயன்றிச் சேர்க்காது. ஆகவே புதிய தோட்டா பழையதைவிட எல்லாப் பகுதியிலும் சற்றே பெரியதாயிருத்தல் வேண்டும். குண்டின் பருமனோ மாறுதல் ஆகாது. இதற்குத் தக்க சான்று, ஹாலண்டு அண்ட் ஹாலண்டு நிறுவனத்தார் 1925இல் வெளியிட்ட .300 தோட்டா. ராய் வெதர்பி என்ற அமெரிக்கர் 1944இல் அக்கூட்டையே அகலப்படுத்தித் தம் பெயரால் ஒரு .300 தோட்டாவை வகுத்தார். குழலின் உட்புரி இரண்டிற்கும் ஒன்றே. அறையைக் குடைந்து பழைய ரைபிளைப் புதியதாக்கிக்கொண்டோர் பலர். புதிய தோட்டாவின் அழுத்தம் மிகுதியாதலால், பின்னே நின்று தாங்கும் பூட்டும் அதற்கேற்ற வலிமை உடையதாயிருக்க வேண்டும். இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். தோட்டா உள்ளே நுழைந்து பூட்டும் மூடிவிட்டால் எல்லாம் பொருந்திற்று என்று எண்ணுகின்றனர். நுழைவது வேறு, தாங்குவது வேறு. தேயிலை ஆலையின் உருளைக்குப் பட்டறையில் ஓர் உறுப்பைக் கடைந்தெடுத்தால், தவறு நேரினும் மறுநாள் மற்றொன்று செய்யலாம். துப்பாக்கியின் பூட்டோ சுடுபவன் கண்ணருகே ஒரு சாண் தொலைவில் இருக்கிறது.

இதை நன்குணர்ந்து செயற்பட்டவர்கள் வங்காளத்து இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையார். ஆங்கிலப் பேரரசின் படைகள் எங்கும் ஏந்திய .303 லீ-என்ஃபீல்டு ரைபிளை அவர்கள் நெடுங்காலம் செய்துவந்தனர். 1962ஆம் ஆண்டுச் சீனப் போரின் பின்னர், அதே வடிவில் 7.62 மில்லிமீற்றர் தோட்டாவை எய்யும் ரைபிள் தேவைப்பட்டது. பழைய குழலின் அறையைக் குடைந்தால் போதாதோ என்று கேட்கத் தோன்றும். .303இன் கூடு 56 மில்லிமீற்றர் நீளம். புதியதின் கூடு 51. நீண்ட அறையைக் குறுக்க எக்கருவியும் இல்லை. அன்றியும் .303இன் குண்டு மற்றதைவிட ஏறத்தாழ மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு பருமன் கூடியது. கேட்பதற்கு அற்பம், ஆயினும் அவ்வளவு இடைவெளியில் சிறிய குண்டு உட்புரியைச் செவ்வையாகப் பற்றாது, குறி தவறும். எனவே இஷாப்பூரார் குழலைப் புதிதாகச் செய்தனர். பூட்டிருக்கும் உடற்பகுதிக்கு உறுதி மிக்க எஃகைக் கொண்டனர். விளிம்பற்ற தோட்டாவுக்கேற்பத் தோட்டாப் பெட்டியையும் மாற்றினர். 2ஏ, 2ஏ1 எனப் பெயர் பெற்றவை அவையே. தோற்றத்தில் தாத்தாவின் முகம். உள்ளே வேறு ஆள்.

அதே இஷாப்பூரில் ஆங்கிலேயர் ஆட்சியின்போது நடந்த மற்றொரு மாற்றத்தின் நோக்கம் முற்றிலும் வேறு. காவலர்க்கும் சிறைக் காவலர்க்கும் வழங்குதற்காக, .303 ரைபிளின் குழலை உட்புரி இல்லாத வழுவழுப்பான .410 குழலாக்கினர். .303 கூட்டின் கழுத்தை ஒடுக்காமல் நேராகவே விட்டு, அதற்கென ஒரு தனித் தோட்டாவையும் செய்தனர். தோட்டாப் பெட்டி இருந்த இடத்தை மரக்கட்டையால் அடைத்தனர். ஒரு வேட்டுக்கு ஒரு தோட்டாதான் இடமுடியும். துப்பாக்கி கலகக்காரர் கையிற் சிக்கினும், படையின் .303 தோட்டாவை அதிலிட்டுக் குறிபார்த்துச் சுடுதல் கைகூடாது. பிறருக்கு ஆயுதம் கொடுக்கவும் வேண்டும், அவர்களை நம்பவும் மனமில்லை என்ற ஆட்சியின் உள்ளத்தை, எந்த அரசாணையையும்விட அந்த மரக்கட்டை தெளிவாகக் காட்டுகிறது.

பிற்காலத்தில் இத்துப்பாக்கிகள் பல அமெரிக்காவுக்குச் சென்று மலிவாக விலைபோயின. அங்கே வாங்கியோர்க்கு அத்தனித் தோட்டா எளிதிற் கிடைக்கவில்லை. சிறு பறவை வேட்டைக்கான சாதாரண .410 தோட்டாவின் அடி அதைவிடச் சற்றே பருமன். ஆகவே அறையை மீண்டுமொருமுறை, சிறிதளவு, குடைந்துகொண்டனர்.