பரிசிலும் நாவும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பாடுவோர்க்குப் பரிசில் வழங்குவது தமிழர்தம் தொல்வழக்கு. அப்பரிசில் தக்கவர்க்குச் சென்றதா என்று வழக்காடுவதும் அதே அளவு பழமையுடையது. பரிசில் கடாநிலை, பரிசில் விடை எனத் துறைகள் வகுக்கப்பட்டமையே இதற்குச் சான்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெறுகிறாள். அதே காதையில், அவள் பெற்ற மாலையைக் கூனி நகர வீதியில் நின்று விலை கூறுகிறாள். அவையில் கிடைத்த சிறப்பு வீதிக்கு வந்துவிடுகிறது. விருது என்பது எக்காலத்தும் அவை, வீதி என்னும் இரண்டிடத்தும் வாழ்வது.

அந்த வீதி வழக்கு இன்றும் ஓயவில்லை. விருது விழா ஒன்று முடிந்த மறுநாள் கொருக்குப்பேட்டையின் தேநீர்க் கடைகளிலும் அதே வழக்குத்தான். "இவருக்கு ஏன் கொடுத்தார்கள்?", "அவருக்கு ஏன் கொடுக்கவில்லை?" என்னும் இரு வினாக்கள் பழையன. அண்மை ஆண்டுகளில் மூன்றாவது வினா ஒன்று ஓங்கி ஒலிக்கிறது. "இப்படிப் பேசியவருக்கா விருது?" என்பதே அது. முதல் இரு வினாக்களும் பாட்டைப் பற்றியவை. மூன்றாவது, பாடகரின் நாவைப் பற்றியது. இவ்வுரை அம்மூன்றாவது வினாவை ஆராய முற்படுகிறது.

வடசென்னையின் செவி

இம்மூன்றாவது வினா மிகக் கூர்மையாக எழுந்தது 2024ஆம் ஆண்டில், சென்னை மியூசிக் அகாதெமி டி.எம். கிருஷ்ணாவுக்குச் சங்கீத கலாநிதி விருதினை அறிவித்தபோது. டி.டி.கே. சாலையின் சபை அரங்கில் எழுந்த வழக்குக்கும், சரக்கு இரயில்களின் ஓசைக்கிடையே வாழும் கொருக்குப்பேட்டைக்கும் என்ன உறவு என்று சிலர் வினவக்கூடும். உறவு உண்டு.

முத்துசாமி தீட்சிதரின் இளமைக் காலத்தின் ஒரு பகுதி மணலியில் கழிந்தது. அவர் தந்தை இராமசாமி தீட்சிதரை ஆதரித்தவர்கள் மணலி முதலியார்கள். திருவொற்றியூர்த் திரிபுரசுந்தரி மீது தியாகராசர் ஐந்து கீர்த்தனைகள் இயற்றினார். அவர்தம் மாணாக்கர் வீணை குப்பையர் வாழ்ந்த ஊரும் அதுவே. இன்று எண்ணெய் ஆலைகளின் பெயரால் அறியப்படும் இந்நிலப்பகுதி, ஒருகாலத்தில் இசைக்குப் புகலிடம் அளித்தது. பின்னர்ச் சபைகள் தெற்கே சென்றன. வடக்கே துறைமுகமும் தொழிற்சாலைகளும் அனல்மின் நிலையங்களும் நிலைத்தன. துறைமுகத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் தம் இன்பத்தையும் இழவையும் பாட கானாவைத் தமதாக்கிக் கொண்டனர்.

2017 சனவரியில் கிருஷ்ணா பாடி வெளிவந்த புறம்போக்குப் பாடல் இவ்விரு உலகங்களையும் ஒரு கணம் இணைத்தது. கபேர் வாசுகி எழுதியது அது. சென்னைத் தமிழின் சொற்கள் கர்நாடக இசையின் இராகமாலிகையில் அமைந்தன. படம் எடுக்கப்பட்டது எண்ணூர்க் கழிமுகத்தில், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கொசத்தலையாற்றின் ஓரத்தில். சபையைக் கண்டிராத செவிகளும் அப்பாடலைக் கேட்டன. ஆகவே அப்பாடகரின் விருதைப் பற்றிப் பேச வடசென்னைக்கும் உரிமை உண்டு.

வழக்கின் வரலாறு

2024 மார்ச் 17ஆம் நாள் விருது அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு மாநாட்டுக்கு அவரே தலைமை ஏற்பார் என்பது மரபு. மூன்றே நாட்களில், புகழ்பெற்ற பாடகியர் ரஞ்சனி, காயத்ரி சகோதரியர் அம்மாநாட்டிலிருந்து விலகுவதாக அறிவித்தனர். பெரியாரைக் கிருஷ்ணா போற்றியது, கர்நாடக இசையுலகின் சாதிப் பாகுபாட்டைப் பற்றி அவர் பேசியது ஆகியவை அவர்களுக்கு ஏற்புடையனவாக இல்லை. வேறு சில கலைஞர்களும் அவ்வழியே சென்றனர். விருது இசைத்தகுதி ஒன்றையே கருதி வழங்கப்பட்டது என்று அகாதெமியின் தலைவர் என். முரளி விடையிறுத்தார்.

வழக்கு பின்னர் நீதிமன்றம் ஏறியது. 'தி இந்து' நாளிதழ் 2005 முதல் சங்கீத கலாநிதி பெறுவோர்க்கு எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் ஓர் இலட்சம் ரூபாய் பரிசு அளித்து வந்தது. எம்.எஸ். பற்றிக் கிருஷ்ணா 2015இல் எழுதிய நெடுங்கட்டுரை பலரைப் புண்படுத்தியிருந்தது. இசை வேளாளர் மரபில் தோன்றிய அம்மேதையை, உயர்சாதி இல்லங்கள் ஏற்கத்தக்க புனிதப் படிமமாகச் சமூகம் மாற்றியமைத்தது என்பது அக்கட்டுரையின் சாரங்களுள் ஒன்று. எம்.எஸ்.ஸின் பெயரனார் வழக்குத் தொடுத்தார். 2024 நவம்பரில் தனி நீதிபதி, எம்.எஸ். பெயரில் அப்பரிசை வழங்கலாகாது என ஆணையிட்டார். திசம்பர் 13இல் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அதனை நீக்கியது. 15இல் பரிசு வழங்கப்பட்டது. மறுநாளே, எம்.எஸ். பெயரிலான அப்பரிசைப் பெற்றவராகக் கிருஷ்ணா தம்மைக் காட்டிக்கொள்ளலாகாது என உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது.

பாட்டும் பேச்சும்

சுவைஞர்கள் இதில் இரண்டாகப் பிரிந்தனர். "பாட்டை மட்டும் பாருங்கள், பேச்சை விடுங்கள்" என்றது ஒரு சாரார். "பேச்சு பாட்டின் புனிதத்தைக் கெடுக்கிறது" என்றது மற்றொரு சாரார். இரண்டுமே முழு உண்மையல்ல.

2009இல் ஆஸ்கர் மேடையில் ஏ.ஆர். ரகுமான் இறைவனுக்கே எல்லாப் புகழும் உரியது எனத் தமிழில் சொன்னபோது, அப்பேச்சு அவ்விருதினும் மிகுதியாகக் கொண்டாடப்பட்டது. பாட்டையும் பேச்சையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அன்று எவரும் சொல்லவில்லை. இனிக்கும் பேச்சைப் பாட்டோடு சேர்த்துக் கொள்வதும், கசக்கும் பேச்சு வரும்போது மட்டும் பிரிவினை கோருவதும் நேர்மையன்று.

இக்குறை ஒரு சாரார்க்கு மட்டும் உரியதன்று. 2022 ஏப்பிரலில், அம்பேத்கரையும் பிரதமர் மோடியையும் ஒப்பிட்ட நூலுக்கு இளையராஜா அணிந்துரை எழுதினார். அதே ஆண்டு சூலையில் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அப்போது அவரது அரை நூற்றாண்டு இசையையே சிறுமைப்படுத்திப் பேசியவர்கள் உண்டு. அவர்களுள் சிலர் 2024இல் கருத்துரிமைக்குக் கொடி பிடித்தனர். இளையராஜாவின் கருத்துரிமையை 2022இல் போற்றியவர்களுள் சிலர், 2024இல் கிருஷ்ணாவின் விருதைப் பறிக்கச் சொன்னார்கள். அளவுகோல் ஆளுக்கேற்ப நீள்வதும் சுருங்குவதுமாயின், அது அளவுகோல் ஆகாது.

மறுப்பும் தடுப்பும்

இவ்விடத்தில் புறநானூறு வழிகாட்டுகிறது. அதியமான் தன்னைக் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்கவில்லை. அறிந்து கொடுப்பின் தினையளவேனும் போதும், அறியாது கொடுக்கும் பெரும்பொருள் வணிகர்க்கே உரியது என்பது அவர் நிலை (208). இளவெளிமான் சிறிது கொடுத்தபோதும் அவர் கொள்ளவில்லை. குமணனிடம் யானை பெற்று வந்து, இளவெளிமானின் காவல் மரத்திலே கட்டிச் சென்றார் (162). தமக்கு வந்ததைத் தாமே மறுக்கும் இப்பெருமிதம் புலவர்க்கு அழகு.

இந்நோக்கில், ரஞ்சனி, காயத்ரி சகோதரியர் தமக்குரிய மேடையைத் தாமே துறந்ததைப் பழிக்க இடமில்லை. இழப்பு அவர்களுடையது. கிருஷ்ணாவும் 2015இல் சென்னையின் திசம்பர் இசைவிழாவில் இனிப் பாடுவதில்லை என அறிவித்தவர்தாம். இரு தரப்பினரும் தத்தம் யானையைத் தத்தம் மரத்தில் கட்டியவர்கள்.

ஆயின் மற்றொரு பாட்டும் அந்நூலில் உண்டு. நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் வந்த புலவர் இளந்தத்தனை ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். கோவூர் கிழார் இடைபுகுந்து அவரைக் காத்தார். வள்ளல்களை நாடிச் சென்று பெற்றதை உண்டு பிறர்க்கும் வழங்கி வாழும் புலவர் வாழ்க்கை எவர்க்கும் தீங்கு செய்வதன்று என்பது அவர் வாதம் (47). இளந்தத்தன் பகைவன் அவையிலிருந்து வந்தவர். கோவூர் கிழார் அதனைக் குற்றமாகக் கொள்ளவில்லை.

தன் பரிசிலை மறுப்பது புலவர் மரபு. பிறர் பரிசிலைத் தடுப்பது அம்மரபன்று. 2024இன் ஆரவாரத்தில் இவ்விரண்டும் ஒன்றாகக் குழம்பின. மறுத்தவர்களைச் சகிப்பற்றவர்கள் என்று ஏசியதும் தவறு. தடுக்க முயன்றவர்களை மானமுள்ளவர்கள் என்று புகழ்ந்ததும் தவறு.

எம்.எஸ். பெயர் பற்றிய வழக்கு இவ்விரண்டிலும் சேராதது. 1997இல் எழுதிய உயிலில், தம் பெயரால் அறக்கட்டளையோ நினைவுச் சின்னமோ சிலையோ வேண்டா என எம்.எஸ். குறித்திருந்தார். 1968இல் சங்கீத கலாநிதி பெற்ற முதற் பெண்மணி, 1998இல் பாரத ரத்னா பெற்ற முதல் இசைக் கலைஞர், தம் பெயருக்கு இறுதியாக விரும்பியது ஓய்வையே. அவ்விருப்பம் மதிக்கப்பட வேண்டும் என்பது உரிய கோரிக்கையே. ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. 2005 முதல் ஆண்டுதோறும் அப்பெயரில் பரிசு வழங்கப்பட்டபோது உறங்கிய உயில், ஒருவரின் முறை வந்தபோது மட்டும் விழித்தது ஏன்?

கட்டணம் யாருக்கு

அதே 2024 நவம்பரில் மற்றொரு பாடகியும் வழக்குக்குள் இழுக்கப்பட்டார். இராயபுரத்தைச் சேர்ந்த கானாப் பாடகி இசைவாணி, 2020இல் பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். சில ஆண்டுகளுக்கு முன் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் அவர் பாடிய ஐயப்பன் பற்றிய பாடலை எடுத்துக்கொண்டு, அவர்மீது காவல்துறையில் புகார்கள் அளிக்கப்பட்டன. தொலைபேசியிலும் பொதுவெளியிலும் வசைகள் பொழியப்பட்டன.

இரு வழக்குகளையும் அருகருகே வைத்துக் காண வேண்டும். சபையின் பாடகர் பேசினால், அவருக்குரிய விருது விவாதப் பொருளாகிறது. வீதியின் பாடகி பாடினால், அவரது பாதுகாப்பே கேள்விக்குள்ளாகிறது. ஒருவர்க்கு வழக்கறிஞர், நாளிதழ், அகாதெமி ஆகியவை துணை நின்றன. மற்றவர்க்கு அத்துணை இல்லை. கருத்துரிமை பற்றிப் பேசிய சுவைஞர்களுள் எத்தனை பேர் இராயபுரத்துக்கும் சேர்த்துப் பேசினார்கள் என்பதே அவர்களது நேர்மைக்கு உரைகல்.

இங்கு ஒரு வேறுபாடும் தெளிவாக்கத் தக்கது. கருத்து வேறு, தீங்கு வேறு. பாலியல் புகார்கள் எழுந்ததையடுத்து 2018இல் அகாதெமி ஏழு கலைஞர்களை அவ்வாண்டு விழாவிலிருந்து நீக்கியது. அது பேச்சைத் தண்டித்ததாகாது. புகார் உரைத்த பெண்களின் பாதுகாப்பைப் பற்றியது. பிறர்மீது நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் தீங்கை ஆராய்வது அவையின் கடமை. பிடிக்காத கருத்தை விருதினால் அடக்குவது அவையின் வேலையன்று.

வட்டத்திற்கு

பத்தாண்டுகள் கவிதை கேட்ட வட்டம் ஒன்று இனிக் கவிஞர்களுக்குப் பரிசு வழங்கவும் முன்வரலாம். அந்நாளில் மூன்று நெறிகள் துணையாகும். பரிசுக்குரிய காரணத்தைப் படைப்பிலிருந்து மட்டுமே எடுத்து எழுத்தில் வெளியிட வேண்டும். கவிஞரின் பேச்சுக்கு மறுப்பிருப்பின், அதே மேடையில் பேச்சாலேயே மறுக்க இடம் தர வேண்டும். பரிசு வேண்டா என்பவரை வற்புறுத்தலாகாது, பகைக்கவும் ஆகாது.

பட்டியல் எதுவும் முழுமையானதன்று. நாதசுவரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் பெயர் சங்கீத கலாநிதிகள் வரிசையில் இல்லை. எம்.டி. இராமநாதனின் பெயரும் இல்லை. தோடி கேட்போர் பிள்ளையை மறந்தாரில்லை. விளம்ப காலத்தின் ஆழம் அறிந்தோர் இராமநாதனை மறந்தாரில்லை. விருதை அவை வழங்குகிறது. நினைவை வழங்குவது செவி. அச்செவி கொருக்குப்பேட்டையிலும் உண்டு. தனக்கு இனிய பாடகர் கசப்பாகப் பேசும் நாளிலும் அது மூடிக்கொள்ளாதிருக்குமாயின், இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டு பொருளுடையதாகும்.

வட்டம் வளர்க.